கட்டிடத்தை நடத்தும் கம்ப்யூட்டர்: ஆட்டோமேஷன் சிஸ்டம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதத்திற்குள் கற்றுக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. அது பார்மட். கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கினால் பார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பார்மட். வீட்டுக் கம்ப்யூட்டரில் இதனால் போவது ஒரு பகல் பொழுதும் சில போட்டோக்களும்தான். ஆனால் ஒரு கட்டிடத்தின் தண்ணீர் மோட்டார், ஏ.சி., விளக்குகள் எல்லாம் ஒரு கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டிருக்கும்போது இதே பழக்கம் மோட்டாரையே எரித்துவிடும். இப்போது சாதாரண வீடுகளுக்கும் ஆட்டோமேஷன் வந்துவிட்டது. எனவே இது எப்படி இயங்குகிறது, பழுதானால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை எல்லாருமே தெரிந்துகொள்வது நல்லது.

நான் விழுப்புரம் மாவட்டம் இடையஞ்சாவடியில் இருந்துகொண்டு இந்தக் கன்ட்ரோல் பேனல்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக வேலை செய்து வருகிறேன். மரக்காணம் உப்பளங்களிலிருந்து புதுச்சேரி வரை நீளும் இந்தக் கடற்கரையில் வயருக்கும் டெர்மினலுக்கும் முதல் எதிரி உப்புக் காற்றுதான். அந்த அனுபவத்தையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ஆட்டோமேஷன் என்றால் என்ன?

1880-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் வேலை பார்த்த கல்லூரியில் ஊழியர் ஒருவர் வகுப்பறை வகுப்பறையாகச் சென்று வெப்பநிலையைப் பார்ப்பார். பிறகு கீழ்த்தளத்திற்குப் போய் உலையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். பாடம் நடக்கும்போது அவர் உள்ளே வந்து போவது தொந்தரவாக இருந்தது. அறை வெப்பநிலையை மின்சாரம் மூலம் கீழ்த்தளத்திற்குத் தெரிவிக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றை ஜான்சன் உருவாக்கி, 1883-ல் காப்புரிமை பெற்றார். 1885-ல் இதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். இன்றைய கட்டிட ஆட்டோமேஷனின் தொடக்கங்களில் இது முக்கியமானது.

அந்த ஊழியர் செய்த வேலையைக் கவனியுங்கள். பார்த்தார், முடிவு செய்தார், திருப்பினார். இன்றைய சிஸ்டத்திலும் இதே மூன்று பாகங்கள்தான். பார்ப்பது சென்சார். முடிவு செய்வது கன்ட்ரோலர். திருப்புவது வால்வு, ரிலே, மோட்டார் போன்றவை. கன்ட்ரோலர் என்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதற்கு மானிட்டரும் கீபோர்டும் கிடையாது. பேனலுக்குள் ஓரமாக உட்கார்ந்து, ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப இயக்கிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் மேஜை மேல் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் எதற்கு? அது வெறும் ஜன்னல். கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்பதை நாம் பார்ப்பதற்கும், செட்டிங்குகளை மாற்றுவதற்கும் பயன்படுகிறது. சரியாகப் பொருத்தப்பட்ட சிஸ்டத்தில் இந்தக் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் கட்டிடம் வழக்கம்போல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் பொருத்தியதிலேயே குறை இருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம்

எங்கள் ஊரை ஒட்டியுள்ள ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையல்கூடம் இருக்கிறது. 1997-ல் தொடங்கப்பட்டது. அதன் கூரை மேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பிரம்மாண்டமான கிண்ணம் கட்டப்பட்டது. உள்பக்கம் முழுவதும் சிறு சிறு கண்ணாடித் துண்டுகள் பதித்தார்கள். தெளிவான வெயில் நாளில் சுமார் 150 டிகிரி நீராவி உண்டாக்கி, 1,000 பேருக்கு இரண்டு வேளை சமைக்கும் அளவுக்கு இது திட்டமிடப்பட்டது.

இவ்வளவு பெரிய கிண்ணத்தைச் சூரியனுக்கு ஏற்ப அசைக்க முடியாது. எனவே கிண்ணத்தை அசையாமல் வைத்துவிட்டு, வெயில் குவியும் இடத்திற்குக் கொதிகலனை நகர்த்தினார்கள். கோள வடிவக் கண்ணாடியில் ஒளி ஒரு புள்ளியில் குவியாது, ஒரு கோட்டில் குவியும். சூரியன் நகர நகர அந்தக் கோடும் எதிர்ப்பக்கமாகச் சாயும். அந்தக் கோட்டிலேயே நீளமான கொதிகலன் எப்போதும் இருக்கும்படி நகர்த்துவதுதான் கம்ப்யூட்டரின் வேலை. நகர்த்தல் தவறினால் கிண்ணம் நிறைய வெயில் இருந்தும் நீராவி வராது. அதனால்தான் வேறு எரிபொருளில் இயங்கும் பாய்லரும் மாற்று ஏற்பாடாக வைக்கப்பட்டது.

அதே ஆரோவில்லின் மாத்ரிமந்திரிலும் கூரை மேல் உள்ள கண்ணாடி ஒன்று கம்ப்யூட்டர் உதவியுடன் சூரியனைப் பின்தொடர்கிறது. அது அனுப்பும் ஒளிக்கதிர் உள்ளறையில் இருக்கும் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிகக் கோளத்தின் மேல் விழுகிறது. வெயில் இல்லாத நேரத்திற்கு விளக்கு ஒளி உண்டு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று தயாராக இருக்க வேண்டும். இதுதான் ஆட்டோமேஷனின் முதல் பாடம்.

கடிகாரமும் ஒரு சென்சார்தான்

சூரியன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? இரண்டு வழிகள் உண்டு. ஒளி உணரும் சென்சார்களை வைத்து வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று பார்க்கலாம். அல்லது தேதி, நேரம், ஊர் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு கணக்குப் போடலாம். கணக்குப் போடும் முறையில் மேகம் வந்தாலும் குழப்பம் இல்லை. ஆனால் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்.

சூரியன் ஒரு மணி நேரத்திற்கு 15 டிகிரி நகர்கிறது. அதாவது 4 நிமிடத்திற்கு 1 டிகிரி. வானில் சூரியனின் வட்டமே சுமார் அரை டிகிரிதான். எனவே கடிகாரம் 2 நிமிடம் தவறினால் ஒரு முழு சூரியனையே தவறவிட்டதாகிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்க ரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எங்கள் பகுதி சுமார் 79.8 டிகிரியில் இருக்கிறது. எனவே சூரிய நேரம் நம் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 11 நிமிடம் பின்தங்கும். ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் இது இன்னும் கூடும், குறையும். இதையெல்லாம் புரோகிராமில் சேர்த்தால்தான் கண்ணாடி சரியான பக்கம் திரும்பும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இந்தப் பிரச்சினை வரும். மதர்போர்டில் நாணயம் போன்ற சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால், ஆன் செய்தவுடன் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். பல கன்ட்ரோலர்களிலும் இப்படி ஒரு பேட்டரி உண்டு. இரவு 7 மணிக்கு எரிய வேண்டிய தெருவிளக்கு பகலில் எரிகிறது என்றால் புரோகிராமைத் திறக்காதீர்கள். முதலில் கன்ட்ரோலரின் கடிகாரத்தைப் பாருங்கள்.

திரையில் தெரிவதெல்லாம் உண்மையா?

கம்ப்யூட்டர் திரையில் "அறை வெப்பம் 24 டிகிரி" என்று வந்தால் நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். உண்மையில் கம்ப்யூட்டருக்கு அறையைத் தெரியாது. சென்சார் என்ன சொன்னதோ, அதுவும் வயர் வழியாக எவ்வளவு வந்து சேர்ந்ததோ, அது மட்டுமே தெரியும்.

பி.டி.100 என்ற வெப்ப சென்சாரை எடுத்துக்கொள்வோம். பிளாட்டினத்தால் ஆனது. 0 டிகிரியில் இதன் மின்தடை 100 ஓம். 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு 0.4 ஓம் கூட வித்தியாசம் இல்லை. போகும் வயரிலும் வரும் வயரிலும் சேர்த்து 1 ஓம் கூடிவிட்டால், வெப்பநிலை ஏறத்தாழ 2.6 டிகிரி அதிகமாகத் தெரியும். ஏ.சி.யும் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் இந்த சென்சாருக்கு மூன்று வயர் இழுக்கிறோம். மூன்றாவது வயரைக் கொண்டு வயரின் மின்தடையைக் கன்ட்ரோலர் கழித்துவிடும்.

தண்ணீர் மட்டம், அழுத்தம் போன்றவற்றை அளக்கும் சென்சார்கள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை கரண்ட் அனுப்பும். டேங்க் காலி என்றால் 4. நிறைந்தால் 20. பாதி என்றால் 12. ஏன் 0-வில் தொடங்காமல் 4-ல் தொடங்குகிறார்கள்? வயர் அறுந்தால் 0 வரும். 0 வந்தாலே அது காலி டேங்க் இல்லை, அறுந்த வயர் என்று தெரிந்துகொள்ளலாம். எளிமையான, அருமையான ஏற்பாடு. ஆனால் புரோகிராம் எழுதுபவர் இதைப் பயன்படுத்தினால்தான் பலன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் இது பயன்படாமல் போனது. கீழே சம்ப், மொட்டை மாடியில் டேங்க். டேங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். ஒரு நாள் திரையில் டேங்க் 0 சதவீதம் என்று காட்டியது. மோட்டார் நிற்கவே இல்லை. இரவு முழுவதும் டேங்க் வழிந்தது. சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் தண்ணீர் இல்லாமலே ஓடி எரிந்துவிட்டது. பொருத்தியவர்கள் வந்து கம்ப்யூட்டரை பார்மட் செய்து, சாப்ட்வேரை மீண்டும் இன்ஸ்டால் செய்தார்கள். புது மோட்டாரும் வாங்கிப் போட்டார்கள். திரையில் அதே 0 சதவீதம்!

அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். சென்சார் வயரில் மீட்டரை வைத்தேன். 4 இல்லை, 0. மொட்டை மாடியில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், வயர் மேல்பக்கமாக நுழைந்திருந்தது. வயர் வழியே இறங்கிய மழைநீரும் உப்புக் காற்றும் சேர்ந்து காப்பர் முழுவதும் பச்சைக் களிம்பு. தொட்டவுடன் ஒடிந்தது. வயரை நல்ல காப்பர் வரும் வரை வெட்டி, புது டெர்மினலில் பொருத்தி, பாக்ஸின் கீழ்ப்பக்கமாக நுழைத்தேன். அரை மணி நேர வேலை. புரோகிராமிலும் இரண்டு வரி சேர்த்தேன். 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் மோட்டார் நிற்க வேண்டும், அலாரம் ஒலிக்க வேண்டும். சம்ப் வற்றினாலும் மோட்டார் நிற்க வேண்டும். இந்த இரண்டு வரிகள் முதலிலேயே இருந்திருந்தால் ஒரு மோட்டார் மிஞ்சியிருக்கும்.

வயர் போடும் விதம்

கன்ட்ரோலர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள ஒரு மொழி தேவை. 1979-ல் வந்த மோட்பஸ் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. கட்டிடங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட பேக்நெட் 1995-ல் அமெரிக்கத் தரமாகவும், 2003-ல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. புது சிஸ்டம் வாங்கும்போது இப்படிப் பொதுவான மொழியில் பேசுமா என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் சாதனங்களோடு மட்டும்தான் பேசும் என்றால், பின்னாளில் அந்த நிறுவனம் சொல்வதுதான் விலை.

இந்த மொழிகள் பல இடங்களில் ஆர்.எஸ்.485 என்ற இரட்டை முறுக்கு வயரில் செல்கின்றன. இதில் கவனிக்க வேண்டியவை:

1. வயர் ஒரு கன்ட்ரோலரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலி போலச் செல்ல வேண்டும். நடுவிலிருந்து கிளை பிரிக்கக் கூடாது.

2. சங்கிலியின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். எல்லாவற்றையும் ஆப் செய்துவிட்டு இரண்டு வயர்களுக்கு இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். சுமார் 60 ஓம் காட்டினால் இரண்டும் இருக்கின்றன. 120 காட்டினால் ஒன்று இல்லை. 60-க்கு வெகுவாகக் குறைந்தால் யாரோ நடுவிலும் ஒன்றைப் போட்டிருக்கலாம் அல்லது வயர் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

3. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி எண் தர வேண்டும். ஒரே எண் இரண்டுக்கு இருந்தால் இரண்டுமே சரியாகப் பேசாது.

4. சென்சார் வயரையும் மோட்டாரின் மின்வயரையும் ஒரே பைப்பில் இழுக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அளவு குதிக்கும்.

பொருத்தும்போதே செய்ய வேண்டியவை

பேனலில் ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டோ, ஆப், கையால் இயக்குவது ஆகியவை அந்த மூன்று நிலைகள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தப் பகுதி முழுவதும் மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய நாளில் ஜெனரேட்டரில் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றால், கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்விட்சைத் திருப்பினால் மோட்டார் ஓட வேண்டும்.

கன்ட்ரோலரின் சிறிய ரிலேயில் மோட்டாரை நேரடியாக இணைக்கக் கூடாது. நடுவில் கான்டாக்டரும், அதிகக் கரண்ட் சென்றால் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலேயும் தேவை. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்காமல், ஒவ்வொன்றுக்கும் சிறு இடைவெளி கொடுங்கள். ஏ.சி. கம்ப்ரஸருக்கு 3 நிமிடம் விடுவது வழக்கம்.

கடலோர ஊர்களில் ஜங்ஷன் பாக்ஸ் ரப்பர் வளையத்தோடு இறுக மூடுவதாக இருக்கட்டும். வயர் கீழ்ப்பக்கமாகவே நுழையட்டும். ஈயம் பூசிய காப்பர் வயர் சற்று விலை கூடுதல் என்றாலும் உப்புக் காற்றைத் தாங்கும். இடி மின்னலுக்கு எர்த்தும் சர்ஜ் அரெஸ்டரும் தேவை.

கடைசியாக இரண்டு காகிதங்கள். ஒன்று வயரிங் படம். பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். மற்றொன்று செட்டிங்குகளின் பட்டியல். புரோகிராமின் நகலை ஒரு பென் டிரைவில் வாங்கி, வீட்டு உரிமையாளரான நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, கம்பெனி போட்டுக் கொடுத்ததை மாற்றிவிடுங்கள்.

பழுது பார்க்கும் வரிசை

1. கண்ணால் பாருங்கள். திரையில் டேங்க் காலி என்றால் மாடி ஏறி டேங்கை எட்டிப் பாருங்கள்.

2. பவர் பாருங்கள். கன்ட்ரோலருக்கு வர வேண்டிய 24 வோல்ட் வருகிறதா?

3. ஸ்விட்ச் ஆட்டோவில் இருக்கிறதா? யாரோ ஆப் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். நான் பார்த்த பழுதுகளில் இதுவும் அடிக்கடி வருவது.

4. சென்சாரை அளந்து பாருங்கள். 30 டிகிரி அறையில் பி.டி.100 சுமார் 111.7 ஓம் காட்ட வேண்டும்.

5. கன்ட்ரோலர் கட்டளை தருகிறதா? ரிலேயின் விளக்கு எரிந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் பழுது அதற்குப் பிறகு இருக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால் அதற்கு முன்னால் இருக்கிறது. பாதி வேலை முடிந்தது!

6. பிறகு வயர்த் தொடர்பு, எண்கள், ரெசிஸ்டர்.

7. எல்லாம் சரி என்றால் மட்டுமே புரோகிராம். அதிலும் முதலில் ஒரு நகல் எடுத்த பிறகே கை வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது காரணம் என்று தெரியாது. அதே பழுது திரும்பி வரும்.

எச்சரிக்கை: 230 வோல்ட், 415 வோல்ட் உள்ள பேனலை லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் தவிர யாரும் திறக்க வேண்டாம். மெயினை ஆப் செய்து, கரண்ட் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்துகொள்வது அவருக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டில்

வைபை மூலம் இயங்கும் பிளக், பல்பு போன்றவையும் இதே மூன்று பாகங்கள்தான். இணைக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் அந்தச் சாதனம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும். உங்கள் மொபைல் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். ரவுட்டரில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரித்து, 2.4-ல் இணைத்துப் பாருங்கள்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்டர்நெட் இல்லாதபோது இது வேலை செய்யுமா? சுவரில் இருக்கும் ஸ்விட்சால் இயக்க முடியுமா? சென்சார் கெட்டுப்போனால் மோட்டார் நிற்குமா, ஓடுமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், தண்ணீர் மோட்டாரை அதில் இணைக்காதீர்கள். ஒரு சாதாரண மிதவை ஸ்விட்சே போதும். விலையும் குறைவு, பழுதானாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஏற்கனவே ஆட்டோமேஷன் போட்டிருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேங்க் சென்சாரின் வயரை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். மோட்டார் நின்று அலாரம் வந்தால் உங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர் நல்ல வேலைக்காரர். மோட்டார் ஓடத் தொடங்கினால், அவரை அழைத்து அந்த இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.